பெரியவர்கள் பேச்சைப் பதிய எந்த மைக்?

விதைத் திருவிழாவில் கடை போட்டு உட்கார்ந்தால், விதைக்கு அடுத்தபடியாக இளவட்டங்கள் என்னிடம் கேட்பது மைக்கைப் பற்றித்தான். "அண்ணே, எங்க தாத்தா பேசுறத ரெக்கார்டு பண்ணி வைக்கணும். போன்ல இருக்குற மைக்கே போதுமா, தனியா வாங்கணுமா?" திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் சில வருடங்களாகப் பெரியவர்களின் வேளாண் அறிவைப் பதிவு செய்து வருகிற சின்னக் குழுவில் நானும் ஒருவன். அதனால் கேள்வி என்னிடம் வருகிறது.

சுருக்கமான பதில் இதுதான். கூரைக்குக் கீழே பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போன் மைக் போதும். காட்டுக்குள் நடந்துகொண்டே பேசினால் தனி மைக் வேண்டும். இதில் சிக்கல் என்னன்னா, நம்ம பெரியவர்கள் உருப்படியான விஷயத்தைச் சொல்வது காட்டுக்குள்தான். திண்ணையில் உட்கார வைத்து "அந்தக் காலத்துல எப்படிய்யா விதைச்சீங்க?" என்று கேட்டால், "என்னத்தப்பா சொல்றது, எல்லாம் போச்சு" என்று துண்டை உதறிவிட்டு எழுந்துவிடுவார்கள். அதே ஆள் சோளக்காட்டில் இறங்கி ஒரு தட்டையை வளைத்துப் பிடித்த உடனே பேச்சு தானாக ஊறும். எந்த நிலத்துக்கு எது, எந்தக் காற்றுக்கு எது, எந்தப் பூச்சி எப்போ வரும் என்று கை ஒரு பக்கம் காட்ட, வாய் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பேச்சுதான் நமக்கு வேணும். அதைப் பிடிக்கிற மைக்தான் நமக்கான மைக்.

உழவருக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பழசு. 1960களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியபோது, திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்ட நெல் என்பதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது. அந்த நெல்லோடு சேர்ந்து என்னென்ன மூட்டைகள் வீட்டுக்குள் வந்தன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஒலி பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் வந்தது. அதிகாரி பேசினார், உழவர் கேட்டார். இப்போது ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. கீழிருந்து பேச வழி இருக்கிறது.

பேசினால் மட்டும் போதாது, பதிவாகவும் வேண்டும். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1997இல் அது ரத்தானது, நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஏடுகளையும் எடுத்துக் காட்டியதால். அமெரிக்கச் சட்டம் அப்போது, வெளிநாட்டில் அச்சில் இருந்ததை ஏற்றுக்கொண்டதே தவிர, வாய்வழியாக இருந்த அறிவையும் பழக்கத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. நம் அப்பத்தா மஞ்சள் அரைத்துப் போட்டது கணக்கில் வராது! வேம்புக் காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் ரத்து செய்தது. மேல்முறையீட்டிலும் 2005இல் அதுவே நின்றது. அங்கே, இந்தியாவில் முன்பே வேம்புச் சாறு எடுத்துப் பயன்படுத்திய ஒருவரின் நேரடிச் சாட்சியம் எடுபட்டது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பன்முகத்தன்மைப் பதிவேடு எழுத வேண்டும். அதை எழுத உட்காருகிற நாளில், சொல்லத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். அவர் குரலாவது இருக்கணும், அதுவும் புரிகிற மாதிரி இருக்கணும்.

புரிகிற மாதிரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு எழுத்தில் எல்லாம் மாறிவிடும். வேடசந்தூர்ப் பக்கத்து அய்யா ஒருவரிடம் மொச்சை விதையைச் சேமிக்கிற முறையைக் கேட்டோம். சோதனைக்காக ஒரே நேரத்தில் மூன்று மைக் வைத்திருந்தோம். என் கையில் போன், பக்கத்தில் நின்ற தம்பியிடம் கைக்கு அடக்கமான ரெக்கார்டர், அய்யாவின் துண்டில் ஒரு காலர் மைக். ஆடி மாதம், பத்து மணிக்கு மேல் காற்று தூக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டால், போன் பதிவில் அவர் ஒரு 'படி' சாம்பல் என்றாரா, ஒரு 'பிடி' சாம்பல் என்றாரா என்று நான்கு பேர் உட்கார்ந்து கேட்டும் தீரவில்லை. ரெக்கார்டரில் பாதி தெளிவு. காலர் மைக்கில் 'பிடி' என்று பளிச்சென்று விழுந்திருந்தது. படிக்கும் பிடிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு குதிர் விதை இருக்கிறது.

இதற்குக் காரணம் விலையும் இல்லை, கம்பெனியும் இல்லை. தூரம்தான். திறந்த வெளியில் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிற மைக்கை இரண்டு சாணுக்குத் தள்ளினால் பேச்சின் அழுத்தம் பாதியாகிவிடும். நான்கு சாணுக்குத் தள்ளினால் கால்வாசி. காற்றும், தென்னை மட்டைச் சலசலப்பும், நான்கு வழிச்சாலை லாரியும் அப்படியேதான் இருக்கும், அதுகளுக்குத் தூரம் மாறவில்லையே. நீங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக எட்டி நிற்கிறீர்கள் என்றால் ஐந்தாறு சாண் ஆகிவிட்டது. கோடை பண்பலை 100.5ஐக் காட்டில் வைத்துக் கேட்கிறவர்களுக்குத் தெரியும், டப்பா ரேடியோவிலும் பேச்சு எப்படிப் புரிகிறது என்று. அங்கே மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, அறைக்குள் இரைச்சல் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்.

நம்மாழ்வார் அய்யா 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அதற்குப் பிறகு இயற்கை விவசாயத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அவர் பெரும்பாலும் பதிவான குரலாகவும் படமாகவும்தான் கிடைத்திருக்கிறார். அவர் கூட்டப் பேச்சுகளைக் கேட்டுப் பாருங்கள். மேடை மைக்கிலிருந்து நேராக எடுத்த பதிவில் மூச்சு விடுவது கூடக் கேட்கும். கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து போனில் எடுத்ததில் மின்விசிறியும் கைதட்டலும்தான் முன்னால் நிற்கும்.

இனி போன் மைக். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் எப்போதும் இருக்கிறது, பெரியவர்களுக்குப் பழகிப்போன பொருள், பயமுறுத்தாது. வீட்டுத் தாழ்வாரம், மாட்டுக் கொட்டகை, கோயில் மண்டபத்து மூலை, இங்கெல்லாம் ஒன்றிரண்டு சாண் தூரத்தில் வைத்தால் நன்றாகவே எடுக்கும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மைக் ஓட்டை எங்கே என்பது. பல போன்களில் சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும், தலைப்பக்கம் இன்னொன்றும் இருக்கும். பதிவை ஓட விட்டு, ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்தைப் பேசுகிறவர் பக்கம் திருப்பி வையுங்கள். வீடியோ எடுக்கும்போது வேறு ஓட்டை வேலை செய்யலாம், அதற்குத் தனியாகச் சுரண்டிப் பார்க்கணும்.

இரண்டாவது, போன் தானாகச் செய்கிற வேலை. பேச்சு சத்தமாக வந்தால் தணிக்கும், அமைதி வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பெரிதாக்கும். டவுன்காரர்கள் இடைவெளி விடாமல் பேசுவதால் அவர்களுக்கு இது தெரியாது. நம்ம பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்டால் வெற்றிலையை ஒதுக்கி, வானத்தைப் பார்த்து, யோசித்துத்தான் சொல்வார்கள். அந்த இடைவெளியில் மின்விசிறியும் கோழியும் மேலே எழும்பி வரும், பேச்சு தொடங்கியதும் அமுங்கும். கேட்கிறவருக்குத் தலைவலி. சில போன்களில் இரைச்சலை நீக்குகிறேன் என்று மெல்லிய குரலையும் சேர்த்து விழுங்கிவிடும். அமைப்பில் அதை நிறுத்த வழி இருந்தால் நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் சுலபம், யாரும் செய்வதில்லை.

அப்புறம், போனை ஏரோபிளேன் மோடில் போடாமல் பதிவைத் தொடங்காதீர்கள். விதை நேர்த்தியின் நடுவில் கடன் வேணுமா என்று அழைப்பு வரும்.

காலர் மைக்குக்கு வருவோம். இங்கேதான் எழுத நிறைய இருக்கிறது. சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைத்தான் நம் பக்கம் காலர் மைக் என்கிறோம். யூடியூப் பண்ணுகிற பிள்ளைகள் கையில் அதிகம் பார்க்கிறது போயா பிஒய்-எம்1, கிட்டத்தட்ட ஆறு மீட்டர் ஒயரோடு வருவது. ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கிற வகை, அதனால் வாயைப் பார்த்து நேராக நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பக்கமாக மட்டும் எடுக்கிற மைக்குகள் கூட்டத்துக்கு நல்லது, ஆனால் காற்றுக்கு அதிகம் அலறும். காட்டுக்கு எல்லாத் திசை மைக்கே மேல்.

ஆனால் இந்த மைக்கைச் செய்தவன் சட்டை போட்ட ஆளை நினைத்துச் செய்திருக்கிறான். நம்ம அய்யாக்கள் பாதிப் பேர் காட்டில் சட்டை போடுவதில்லை. துண்டின் ஓரத்தில் குத்தினால், வரப்பில் குனியும்போது துண்டு நழுவி மைக் இடுப்புக்குப் போய்விடும். நாங்கள் கண்ட வழி இது. துண்டை மாலை மாதிரி கழுத்தில் போட்டு, இரண்டு முனையையும் நெஞ்சுக்கு நடுவில் ஒரு ஊக்கால் சேர்த்து, அந்த இடத்தில் மைக்கைக் குத்துவது. முகவாய்க்கு ஒரு சாண் கீழே. போனையோ ரெக்கார்டரையோ ஒரு சுருக்குப் பையில் போட்டு அவர் இடுப்பிலேயே கட்டிவிடலாம். ஒயரை மடித்து ரப்பர் போட்டுப் பைக்குள் திணித்துவிட்டால், அவர் இஷ்டத்துக்கு நடக்கலாம், முள்ளில் ஒயர் மாட்டாது, நாமும் பின்னால் ஓட வேண்டாம். பதிவை ஓட விட்டு, பூட்டி, பைக்குள் போட்டபின் அதை மறந்துவிட வேண்டியதுதான். பத்து நிமிஷத்தில் அவரும் மறந்துவிடுவார்.

பெண்களுக்குச் சேலைத் தலைப்பில், தோளுக்குச் சற்றுக் கீழே. தாலிக்கொடியோ பாசிமணியோ மைக்கில் உரசினால், அது ஒவ்வொரு அசைவுக்கும் கல்லைத் தட்டினது போல விழும். அதனால் ஒரு ஓரமாகத் தள்ளிக் குத்த வேண்டும். இதை நம் குழுவில் உள்ள பெண்கள்தான் செய்ய வேண்டும், ஆண்கள் தள்ளி நிற்க வேண்டும். பெண் யாரும் வரவில்லை என்றால் அவர் கையிலேயே கொடுத்து, எங்கே குத்தணும் என்று சொன்னால் போதும். களை எடுக்கும்போது கண்ணாடி வளையல் சத்தம் வரத்தான் செய்யும். இருக்கட்டும், அது வேலையின் சத்தம்.

காற்றுக்கு வருகிறேன். மைக்கோடு கொடுக்கிற கறுப்புப் பஞ்சு உறை மெல்லிய காற்றுக்குத்தான் ஆகும். ஆனி, ஆடியில் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் அடிக்கிற மேல்காற்றுக்குப் பஞ்சு ஒன்றும் செய்யாது. செயற்கை முடி வைத்த உறை என்று தனியாக விற்கிறார்கள், பூனைக்குட்டி மாதிரி இருக்கும். அதைப் பஞ்சுக்கு மேல் மாட்டினால் நல்ல மாற்றம் தெரியும். போன் மைக்குக்கு இப்படி எதையும் ஒழுங்காக மாட்ட முடியாது. தனி மைக்கின் பெரிய லாபமே இதுதான் என்பேன். காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. பேசுகிறவர் முதுகு காற்றுப் பக்கம் இருக்கும்படி நிற்க வையுங்கள். அவர் உடம்பே வேலி. இன்னொன்று, நேரம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லி பறிக்கிறவர்கள் விடியும் முன்னே இறங்குகிறார்கள், அந்த நேரத்தில் காற்றும் இல்லை, மோட்டாரும் இல்லை. பேச்சு கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி சுத்தமாக விழும்.

ஒயர் இல்லாத மைக்குகள் இப்போது மலிந்துவிட்டன. சட்டையில் ஒன்று, போனில் ஒன்று. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதில் போகிற அலையை மனித உடம்பு மறைக்கும். அய்யா உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆள் உயரச் சோளத்துக்குள் நுழைந்தால் பேச்சு வெட்டி வெட்டி வரலாம். மேலும், நாள் முழுக்கச் சுற்றுகிற வேலையில் சார்ஜ் இறங்கும். மலிவான சிலவற்றில் இரைச்சல் நீக்கும் வசதி முதலிலிருந்தே போட்டபடி வரும். முதல் வேலையாக அதை அணையுங்கள். என்னைக் கேட்டால், ஒருவரை மட்டும் பதிய ஒயர் மைக்கும் சுருக்குப் பையும் போதும்.

அப்படியென்றால் உள்ளே மைக் இருக்கிற கருவிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆள் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டால் காலர் மைக் தோற்றுவிடும். ஒருவர் குரல் பெரிதாகவும் மற்றவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலவும் வரும். நடவுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது யார் மாராப்பில் குத்துவது? அங்கே ஜூம் எச்1என் மாதிரி தலையில் இரண்டு மைக் வைத்த கையடக்க ரெக்கார்டர்தான் சரி. வரப்பில் சின்ன முக்காலியில் நிறுத்தி, ஆறேழு அடி தள்ளி வைத்தால் பாட்டு, தண்ணீர்ச் சலசலப்பு, சிரிப்பு எல்லாம் அதது இடத்தில் கேட்கும். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பதிவதால், பின்னால் எழுதி எடுக்கும்போது இடப்பக்கத்து அக்கா சொன்னது எது, வலப்பக்கத்து அப்பத்தா சொன்னது எது என்று பிரிக்கலாம். கையில் பிடிக்கக் கூடாது, விரல் அசைவு எல்லாம் பதிவாகும். கயிற்றுக் கட்டிலில் வைக்கவும் கூடாது. யாராவது புரண்டு உட்கார்ந்தால் இடி விழும். மடித்த துண்டின் மேல் வைக்கலாம்.

குலவைக்கு ஒரு எச்சரிக்கை. பேச்சுக்கு வைத்த அளவிலேயே விட்டால் குலவை வரும்போது கருவி திணறிப் பதிவு கிழிந்துவிடும். முன்னாலேயே "ஒரு தரம் போடுங்கத்தா" என்று கேட்டு, அதிகபட்சச் சத்தம் -12 என்ற கோட்டைத் தாண்டாமல் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் திரிகைக் கல் சுற்றும்போது பெண்கள் பாடிய பாட்டுகளை ஹேமா ராய்ர்க்கர், கி புவாத்வான் இருவரின் குழு ஒரு லட்சத்துக்கும் மேல் திரட்டியது. முதலில் எழுத்தில், 1990களில் ஒரு பகுதி ஒலியிலும். இன்று ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி' தளத்தில் கேட்கலாம். எழுத்தில் உள்ளது பாட்டின் சொல், ஒலியில் உள்ளது பாடினவள் மூச்சு. நம் நடவுப் பாட்டுக்கு அந்த அளவு வேலை இன்னும் நடக்கணும்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது பின். போன் மைக்கின் பின்னில் மூன்று கறுப்பு வளையம், கேமரா, ரெக்கார்டருக்கான பின்னில் இரண்டு. மாற்றிச் சொருகினால் ஒன்றும் பதிவாகாது, அல்லது போன் தன் சொந்த மைக்கில் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். நீங்கள் தனி மைக்கில் பதிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே இங்கேயும் நகச் சோதனைதான். மைக் தலையைத் தட்டிவிட்டு ஹெட்போனில் கேட்டுப் பார்த்தபின்தான் அய்யாவைப் பேசச் சொல்லணும். வட்டப் பின் ஓட்டை இல்லாத போன்களுக்கு இடையில் ஒரு மாற்றி வேண்டும். எல்லா மாற்றியும் எல்லா போனுக்கும் ஆகாது, கடையிலேயே சொருகிப் பதிந்து கேட்டு வாங்குங்கள். மைக்கில் பட்டன் பேட்டரி இருந்தால் ஒன்று கூடுதலாகப் பையில் கிடக்கட்டும்.

கோப்பு விஷயம் கொஞ்சம். முடிந்தால் வேவ் வடிவில் பதியுங்கள். இரண்டு காதுக்கும் பதிந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணிக்கு 600 எம்பி. 32 ஜிபி கார்டில் ஐம்பது மணி நேரம் கொள்ளும், கஞ்சப்பட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், குரல் செய்தியாகப் பதிந்தால் சுருங்கிப் போகும். தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேர், பதியச் சம்மதம், இவ்வளவையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதையும் கேளுங்கள். "எங்க ஆளுகளுக்குக் குடு, மருந்துக் கம்பெனிக்காரன் கேட்டா குடுக்காத" என்று ஒரு அம்மாச்சி திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார். அது அந்தப் பதிவின் முதல் நிமிஷத்தில் இருக்கிறது. அந்தப் பதிவு எங்கே போனாலும் அந்த வார்த்தையும் கூடவே போகும்.

ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஊருக்கு ஒரு விதை வங்கி மாதிரி வட்டாரத்துக்கு ஒரு பை போதும். எங்கள் பையில் இருப்பது: ஒயர் காலர் மைக் இரண்டு, பூனைக்குட்டி உறை இரண்டு, கையடக்க ரெக்கார்டர் ஒன்று, சின்ன முக்காலி, ஹெட்போன், பேட்டரி, ஊக்கு ஒரு அட்டை, சுருக்குப் பை இரண்டு. இப்போதைக்கு அது குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரிச் சோளம் போடுகிற வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆவணியில் திரும்பி வரும். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு, அடுத்த வியாழன் திருப்பித் தரலாம். சந்தைக்குள் வைத்து மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள், ஆட்டுச் சத்தத்தில் எந்த மைக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும்.